எலுமிச்சம்பழத்துக்குப் போல்ட்

4.3.2009, புதன்

காலையிலேயே வெயில். உத்தமபாளையத்திலிருந்து காலேஜ் வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். வாங்க வேண்டியது: வெப்கேம் ஒயர், சோப்பு, சிவப்பு நெயில் பாலிஷ்.

பாலிஷ் எனக்கில்லை. ரோபோ கைக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். பழைய பம்பு செட் பார்ட்ஸ் ஒரு கூடை, ஒவ்வொன்றும் ஒரு வடிவம். எதைக் கேமரா முன்னால் வைத்தாலும் கை ஓட்டையைக் கண்டுபிடித்துப் போல்ட்டைச் சொருக வேண்டும். ஃபோட்டோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் படிக்கும். ஓட்டை இங்கே என்று காட்ட, ஓரத்தில் பாலிஷ் பொட்டு வைத்து ஃபோட்டோ எடுக்கிறேன்.

பார்ட்னர் பிரபு, ஹெச்.ஓ.டி.யின் அக்கா மகன். வந்தான். பரோட்டா சாப்பிட்டான். போனான்.

9.3.2009, திங்கள்

வேலை செய்கிறது! கூடையில் பொட்டு வைத்தும் அதுவரை காட்டாத பார்ட் ஒன்றை வைத்தேன். கை நேராகப் போய்ச் சொருகியது. நஸ்ரின் கைதட்டினாள். என் பஸ் சிநேகிதி, அதே கிளாஸ். "ஏடி, இதுக்குப் பேரு வச்சுக் காது குத்திருவோமா?"

மதியம் ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார். "கோயம்புத்தூர் கம்பெனிக்காரவுக வெள்ளிக்கிழம வாராக. பிடிச்சுப்போனா ப்ராஜெக்ட் பண்ணவுகளுக்கு வேலையாம்."

சந்தோஷம். அரை நிமிஷம்.

"போர்டுல பிரபு பேரு மட்டும் இருக்கட்டும்மா. நீ கல்யாணம் கட்டிப் போற பிள்ள. ஒங்க வீட்டுல கோயம்புத்தூருக்கா அனுப்பப் போறாக?"

வீட்டில் கேட்டாரா? என்னைக் கேட்டாரா? பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரையில் ஒன்றுமில்லை.

இவனுகளை விடக் கூடாது.

11.3.2009, புதன்

கரண்ட் மதியம்தான் வந்தது. ஃபைலை அழித்துவிடலாமா? அழித்தால் நான்தான் என்று தெரியும். யோசித்தபடி மேஜையில் கையை ஊன்றியிருந்தேன். ரோபோ கை போல்ட்டோடு என் கட்டைவிரலுக்கு வந்தது.

நகத்தில் பாலிஷ் பட்டிருந்தது.

பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு விரலை மறுபடி நீட்டினேன். வரவில்லை. பொட்டில்லாத பார்ட் வைத்தேன். சும்மா நின்றது. ஓட்டையே இல்லாத இடத்தில் பொட்டு வைத்தேன். அங்கே போய் முட்டியது.

அடப்பாவி. ஓட்டையைப் படிக்கவே இல்லை. பொட்டைத்தான் படித்திருக்கிறது. என் தப்பு. பொட்டில்லாமல் மறுபடி ஃபோட்டோ எடுத்துப் படிக்க வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் சரியாகும்.

செய்ய மாட்டேன். யாருக்குச் செய்ய?

நஸ்ரினிடம் மட்டும் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கிழம?"

"வெள்ளிக்கிழம பிரபு பாத்துக்குவாக."

"பார்றா, மரியாதைய!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

13.3.2009, வெள்ளி

காற்றே இல்லை. ராகு காலத்துக்கு முன்னால் பூஜை. ஹெச்.ஓ.டி. தன் கையாலேயே கம்ப்யூட்டருக்குச் சந்தனம், ரோபோ தோளுக்குச் சந்தனம். கேமராவுக்கு நேர் கீழே எலுமிச்சம்பழம், அதன் உச்சியில் கொழுக்கக் குங்குமம். நான் இதை எதிர்பார்க்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கம்பெனி எஞ்சினியர் பையிலிருந்து தன் பார்ட் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பளபளவென்று, பொட்டில்லாமல். பிரபு பட்டனைத் தட்டினான். கை அதைத் தாண்டியது. எலுமிச்சம்பழத்துக்குப் போனது. குங்குமத்தில் போல்ட்டை வைத்து அழுத்தியது. சாறு தெறித்து ஹெச்.ஓ.டி. கண்ணாடியில்.

"ஊறுகா போடுதுடோய்!" பின்னாலிருந்து ஒருத்தன்.

"கேமராவுல கோளாறு சார்..." என்றான் பிரபு.

எஞ்சினியர் கூடைக்குப் போனார். கூடையிலிருந்த பார்ட்ஸை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு.

"இந்தப் பொட்டெல்லாம் யாரு வெச்சதுங்க?"

தொண்டை வரை வந்தது. நான்தான் சார், சரி பண்ணவும் தெரியும். அந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டைவிட்டுப் போக வேண்டும். எழுந்தும்விட்டேன்.

ஹெச்.ஓ.டி. முந்திக்கொண்டார். "எல்லாமே இவன்தான் சார். ஒத்த ஆளா."

"ஆமா சார்," என்றான் பிரபு.

"அப்போ தப்பும் உங்களுதுதானுங்க தம்பி." தன் பார்ட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்துவிட்டேன். தப்பையும் எடுத்துக்கொள்ளட்டும். பேரோடு சேர்த்து.

வராந்தாவில் ஹெச்.ஓ.டி. மறித்தார். "ஏம்மா, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கென்ன சார் தெரியும்? கல்யாணம் கட்டிப் போற பிள்ள."

முகம் செத்துப்போனது. நாள் முழுக்க அந்த முகத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். இனித்தது.

பஸ்ஸில் நஸ்ரின், சிரிக்காமல்: "ஒனக்கும்தானடி வேல போச்சு."

போச்சு.

பாட்டிலில் பாலிஷ் கொஞ்சம் மிச்சம். என் இடது கை நகங்களுக்கு மட்டும் வந்தது. சின்னமனூர் வரை ஊதிக்கொண்டே வந்தேன்.