மெத்தைக் கடைக்காரர் வாங்கிய பழைய பிளேஸ்டேஷன்

கீழ்பென்னாத்தூர்
7.4.2025

அன்புள்ள உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் நலம். போனில் பேசினால் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால் எழுதிப் பச்சையம்மாள் அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். தினமும் பஸ் ஏறி உங்கள் கடைக்குப் பஞ்சு அடைக்க வருகிறவருக்கு ஒரு கடிதம் கனக்காது.

நேற்று அவர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் ஏதோ பொட்டி வாங்கியாந்து டிவில மாட்டிகினு கார் ஓட்றாரும்மா. கடை சாவி குடுக்கப் போனேன், கூப்ட்டாகூட திரும்பல" என்றார்.

போனில் ரம்மி ஆடி என் நகையெல்லாம் தொலைத்ததால்தானே நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்? ரம்ஜான் முடிந்ததும் அழைத்துப்போகிறேன் என்றீர்கள். ரம்ஜான் முடிந்தது, பெட்டிதான் வந்திருக்கிறது. போன் போய் இது வந்ததா?

உங்கள் சதஃப்


திருவண்ணாமலை
9.4.2025

அன்புள்ள சதஃப்,

வ அலைக்கும் ஸலாம். பச்சையம்மாள் அக்காவுக்குக் கூலியோடு உளவுச் சம்பளமும் தரலாம் போலிருக்கிறது.

சீசன் முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புகிற நேரம் இது. ரமணாசிரமம் பக்கம் ரூம் காலி செய்கிறவர்கள் சைக்கிள், அடுப்பு, மெத்தை எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், உனக்குத் தெரியும். ஒருவரிடம் மெத்தை எடுக்கப் போன இடத்தில் இது கிடந்தது. பிளேஸ்டேஷன் 2. கம்பெனிக்காரனே தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். ஸ்மார்ட் போனை விட்டுப் பட்டன் போனுக்கு வந்துவிட்டேன். ஆனால் கடை மூடி வீட்டுக்கு வந்தால் விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. புது மெஷின் என்றால் நெட் கேட்கும், அதிலும் பணம் கட்ட வழி இருக்கும். இதில் டிஸ்க் போட்டால் ஓடும், தோற்றால் கார் கவிழும், அதோடு சரி. அதற்காகத்தான் பழசாகப் பார்த்து வாங்கினேன். என்னை நம்பு.

உன் தல்ஹா


கீழ்பென்னாத்தூர்
12.4.2025

அன்புள்ள உங்களுக்கு,

ஸலாம். நம்பு என்று எழுதிவிட்டீர்கள். போன தடவையும் அதைத்தான் சொன்னீர்கள்.

தியானம் செய்ய வந்த மனிதரிடம் கேம் பெட்டி எதற்கு? இப்போது எல்லாவற்றிலும் நெட் உண்டு, சும்மா சொல்கிறார் என்கிறார் அண்ணன். அண்ணி அதற்கும் மேலே போய்விட்டார். "ரெண்டு கைப்பிடி இருக்குதாமே, இன்னொண்ணுல யாரு ஆடுறாங்கனு கேளு" என்கிறார். அவர் கேட்டபோது கோபம் வந்தது. ஆனாலும் கேட்கிறேன். யார் ஆடுகிறார்கள்?

சதஃப்


திருவண்ணாமலை
15.4.2025

அன்புள்ள சதஃப்,

அந்த மனிதருக்கு முதுகு வலி. கொஞ்ச நேரம்தான் கண்ணை மூடி உட்கார முடியுமாம், மிச்ச நேரமெல்லாம் கார் ஓட்டியிருக்கிறார். இரண்டாவது கைப்பிடியை யாரும் தொடவில்லை. உனக்கென்று வைத்திருக்கிறேன். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அழைக்க வரட்டுமா?

உன் தல்ஹா


திருவண்ணாமலை
21.4.2025

அன்புள்ள சதஃப்,

உன் பதில் வரவில்லை. ஆனால் நீ வந்துபோயிருக்கிறாய்.

நேற்று மெத்தையைத் திருப்பிப் போட்டேன். கால்மாட்டு ஓரத்தில் ஒரு முழத்துக்குப் புதுத் தையல். நான் இடது கைக்காரன், என் தையல் சாயும் பக்கமே வேறு. நம் வீட்டுச் சாவி என்னை விட்டால் உன்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் போனை மெத்தைப் பஞ்சுக்குள் ஒளித்து வைத்ததையும் நீதானே கண்டுபிடித்தாய்?

கோபமில்லை சதஃப். சந்தோஷமாகக்கூட இருக்கிறது. ஒன்றும் இல்லை என்று கையை விட்டே பார்த்துவிட்டாய். இனி யார் சொல்லி என்ன? ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டு வருகிறேன்.

உன் தல்ஹா


கீழ்பென்னாத்தூர்
23.4.2025

அன்புள்ள உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆமாம், வந்தேன். வெள்ளிக்கிழமை நீங்கள் ஜும்ஆவுக்குப் போகும் நேரம் பார்த்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

பெட்டியைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதோடு திரும்பியிருக்கலாம். பீரோவைத் துழாவினேன், அரிசி டின்னைக் கொட்டினேன், கடைசியில் மெத்தையைப் பிரித்துத் தோள்வரை கையை விட்டேன். ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொன்னது.

மனசு சொல்லவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது அகப்பட்டிருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு எப்படியோ சமாதானமாகியிருப்பேன். ஒன்றும் அகப்படாததால், பரண்மேல் பார்க்காமல் வந்துவிட்டோமே என்றுதான் பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்தேன்.

நீங்கள் திருந்திவிட்டீர்கள். நான்தான் கெட்டுப்போய்விட்டேன். அந்த வீட்டில் இருந்தால் நீங்கள் கடைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் எதையாவது பிரித்துப் பார்ப்பேன். குற்றம் செய்யாத மனிதரை அப்படி வைத்துக் குடும்பம் நடத்த எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வீட்டுச் சாவியைப் பச்சையம்மாள் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தால் மறுபடியும் தேட வருவேன்.

சதஃப்