வரிசை தவறிய ரிவிட்

காரைக்குடி
4.9.2024

அன்புள்ள சேவுகப்பெருமாள் அண்ணன் அவர்களுக்கு,

உடம்புக்கு ஒரு குறையுமில்லை, கோபத்துக்கும் குறையில்லை. பழைய போர் விமான ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியதோடு என் எண்ணையும் தடுத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

சிவகங்கைக் கல்லூரி வாசலில் தூண்மேல் நிற்கும் விமானம் 'நாட்' என்றேன். நீங்கள் 'அஜீத்' என்றீர்கள். இரண்டும் ஒரே சாயல்தான். ஆனால் நாட் எழுபத்தொன்றில் போருக்குப் போனது. அஜீத் அதற்குப் பிறகு பிறந்தது. நீங்கள் போட்டோ பார்த்தவர். நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தவள். அதற்குப் புது பெயின்ட் அடிக்கும் வேலை எங்கள் பட்டறைக்குத்தான் வந்திருக்கிறது.

உங்கள் வார்த்தையை நம்பி கல்லூரி முதல்வர் கல்வெட்டில் 'அஜீத்' என்று வெட்டச் சொல்லிவிட்டார். உங்களைப் போல் விமானப்படையில் இருந்தவர் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றுவாராம். சண்டைக்குப் போய்த் திரும்பிய ஒன்றுக்கு வேறு பெயர் வைப்பதா? எனக்குத் தாங்கவில்லை, அண்ணே.

குழுவில் இல்லாத தங்கை,
ஹஸ்னா


நெற்குப்பை
9.9.2024

அன்புத் தங்கை ஹஸ்னாவுக்கு,

கடிதம் என்று வந்தால் கடிதத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். உன்னை நீக்கியது கருத்துக்காக அல்ல. நூற்று நாற்பது பேர் முன்னால் 'அண்ணனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்' என்று எழுதினாயே, அதற்காக.

பதினைந்து வருடம் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவன் நான். நாட் விமானத்தைத் தொட்டுத் துடைத்துத் தேய்ந்த கை இது. அதன் இறக்கைகளுக்குக் கீழே குண்டு மாட்ட இரண்டு தாங்கிகள்தான் இருக்கும். அஜீத்துக்கு நான்கு. நீ அனுப்பிய போட்டோவிலேயே நான்கு தெரிகிறது, எண்ணிக்கொள். பொய்க்குக் கையெழுத்துப் போட என்னால் ஆகாது.

போன நோன்புக்கு நீ கொடுத்தனுப்பிய கஞ்சியை மறக்கவில்லை. ஆனாலும் நான்கு நான்குதான்.

சேவுகப்பெருமாள்,
குழு அட்மின்


சிவகங்கை
21.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எண்ணினேன். நான்கு இருந்தது. இப்போது இரண்டுதான் இருக்கிறது. வெளிப்பக்கத்து இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவிட்டேன். கீழே நின்ற எலக்ட்ரீசியன் சோணைமுத்து பதறிப்போய், "எதுக்குக்கா கழட்டுறீக? ஆண்டு விழாவுக்கு சீரியல் லைட்டு தொங்கவிட நான்தேன் மாட்டுனேன்" என்றார். அண்ணே, நீங்கள் அடித்துச் சொன்னதெல்லாம் சோணைமுத்துவின் லைட் கிளாம்பை நம்பித்தான். சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இடப்பக்கம், காற்று உள்ளே போகும் வாய்க்குக் கீழே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். ஐந்து பூச்சுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினிய ஒட்டு. குண்டு பட்ட ஓட்டையை மூடியதாகத்தான் இருக்க வேண்டும். ஒட்டியவர்தான் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறார். இரண்டாம் வரிசையில் மூன்றாவது ரிவிட் ஆணி கோட்டை விட்டு விலகி நிற்கிறது. பக்கத்திலேயே, முதலில் தப்பாகப் போட்ட துளையை அடைத்தும் வைத்திருக்கிறார். என் பட்டறையில் இப்படிச் செய்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன்.

முப்பதாம் தேதி திங்கட்கிழமை கல்வெட்டுக்காரர் உளி எடுக்கிறார். இனி உங்கள் மனசு.

ஹஸ்னா


நெற்குப்பை
25.9.2024

தங்கச்சி,

அந்த அரைத்தூக்கக்காரன் நான்தான்.

எழுபத்தொன்று டிசம்பர். எனக்கு வயது பத்தொன்பது. வடக்கே ஒரு தளம், உறைய வைக்கும் குளிர். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. துளை தப்பிவிட்டது. அதை அடைத்துவிட்டு ஒட்டினாற்போல் இன்னொன்று போட்டு ரிவிட் அடித்தேன். சார்ஜன்ட் என் காது கூசும்படி திட்டினார். அடித்ததைப் பிரிக்க நேரமில்லை, அரை மணியில் விமானம் மறுபடி கிளம்பிவிட்டது. அது திரும்பி வந்து இறங்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஒட்டு பிரியவில்லை. ஓடுதளத்து ஓரத்தில் நின்று அழுதேன்.

அதை எப்போதோ உடைத்துப் போட்டிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். முப்பது மைலுக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. கோணல் ரிவிட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் என் மனைவி செந்தாமரையிடம்கூட நான் சொன்னதில்லை. உன் கடிதத்தை நான் படித்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "சிரிக்கிறீகளா, அழுகுறீகளா, ஒண்ணைச் சொல்லுங்க" என்கிறாள். இரண்டும்தான்.

அது நாட். முதல்வருக்கு அப்படியே எழுதி, கையெழுத்தும் என் சர்வீஸ் எண்ணும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். குழுவிலும் எழுதிவிட்டேன்: 'ஹஸ்னா சொன்னதே சரி. நான் எண்ணியது சீரியல் லைட் கிளாம்பு.' நூற்று நாற்பது பேரும் இன்னும் சிரித்து ஓயவில்லை. உன்னைச் சேர்த்துவிட்டேன், இனி நீதான் அட்மின். கண்ணாடிக் கடைக்கும் சொல்லியாயிற்று.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவேன். ஏணியை எடுத்துவிடாதே, நான் ஏற வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஒட்டின்மேல் பட்டி பூசி மழமழவென்று ஆக்கிவிடாதே. மெல்லிசாக ஒரு பூச்சு போதும். கோணல் தெரியட்டும்.

உன் அண்ணன்,
சேவுகப்பெருமாள்