உப்புத் தண்ணீருக்கு ஒரு கொக்கி

ஏப்ரல் 8, செவ்வாய்

கடையில் சரக்கு இறக்கும் நேரத்தில் நெட்டையன் வந்தான். ஊருக்கு அவன் பல் டாக்டர். எனக்கு இருபத்தைந்து வருடமாக நெட்டையன்தான். பேடில் போர்டை, நின்றபடி துடுப்புப் போடுகிற அந்தப் பலகையை, ஆள் விழுந்தாலும் ஓடிவிடாமல் இடுப்பு வாரோடு இணைக்கிற கயிற்றில் கொக்கி வளைந்துவிட்டதாம். உப்புத் தண்ணிக்குத் தாங்குகிற மாதிரி இருக்கா என்றான்.

என் ஹார்டுவேர் கடையில் ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. பத்தொன்பது வருடத்தில் ஒற்றை ஷட்டர் மூன்றானது இந்த ஒரு பழக்கத்தால். கேட்டது இல்லாவிட்டால் கிட்டத்தட்ட அதுபோல் ஒன்றை எடுத்து வைப்பேன். அவனுக்கும் வைத்தேன். பளபளவென்று இருந்தது. “துருவே ஏறாது” என்று சொல்லி நானே கயிற்றில் மாட்டியும் கொடுத்தேன்.

மே 11, ஞாயிறு

நானும் அவனும் ஆளுக்கொரு பலகையில், சின்ன அலையில் பழகினோம். திரும்பி வந்து கழுவும்போது அவன் கொக்கியின் மூட்டில் லேசான பழுப்பு. கட்டைவிரலால் தேய்த்தேன், போய்விட்டது. சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

நாளை நல்ல காற்று. முனையில் இறங்கித் துறைமுகச் சுவர் வரை, பன்னிரண்டு கிலோமீட்டர், காற்று முதுகில். ஒரு வண்டியைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தோம். பத்து அலைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது என்று ஒப்பந்தம்.

ஜூன் 8, ஞாயிறு

 இன்றே எழுதிவிடுகிறேன்.

முதல் அரை மணி நேரம் பறந்தோம். அலை பின்னாலிருந்து தூக்கிக் கொடுக்கிறது, துடுப்பைத் தொட்டால் போதும். நான் முன்னால். எத்தனை அலை ஆச்சு? எண்ணவில்லை. அவனை முந்திய குஷி.

அப்போது என் இடது பக்கம் ஒரு பலகை என்னைத் தாண்டிப் போனது. அவனுடையது. மேலே ஆள் இல்லை.

திரும்பினேன். வெறும் வெள்ளை நுரை. கத்தினால் காற்று சத்தத்தை வாயிலேயே திணிக்கிறது. என் போன் வண்டியில் – கனமாம், வைத்துவிட்டு வந்தேன், புத்திசாலி. அவன் போன் அந்தப் பலகையோடு போய்விட்டது.

குப்புறப் படுத்துக் கையால் துழாவி எதிர்க்காற்றில் போனேன். நாலு முழம் போனால் மூணு முழம் பின்னால் தள்ளுகிறது. எங்கடா போய்த் தொலைஞ்சே. அவன் பெண்டாட்டிக்கு என்ன சொல்வேன்? ஓர் அலையின் உச்சியில் கண்ணில் பட்டது – நட்டுக்குத்தலாக ஒரு துடுப்பு. லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடி அதைத் தூக்கிப் பிடித்திருந்தான். நான் கிட்டே போகும்வரை இறக்கவில்லை. உதடு நீலம்.

“ஏன்டா, வழியில டீ குடிச்சிட்டு வந்தியா?” என்றான். பல் கிட்டித்து, பாதி வார்த்தைதான் வந்தது.

ஒரே பலகையில் இரண்டு பேர், கால் தண்ணீரில். இரண்டு மணி நேரம் காற்று தள்ளியபடி போய், துறைமுகத்துக்கு முன்னாலேயே மணலில் ஒதுங்கினோம். மூச்சு வந்ததும், “நான்தான்டா இன்னைக்கு இடுப்புல சரியா மாட்டல. ‘டிக்’னு சத்தம் வந்துச்சான்னு பாக்கல” என்றான்.

அவன் இடுப்பு வாரில் பாதிக் கொக்கி தொங்கியது. அவன் பார்க்கும் முன் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். 

ஜூன் 10, செவ்வாய்

அவன் மனைவி போன் செய்தாள். “அண்ணா, ரெண்டு நாளா கிளினிக் திறக்கல. ஒரு கொக்கி மாட்டத் தெரியாத கை, இன்னொருத்தர் வாய்க்குள்ள என்ன பண்ணுமோங்கிறார்.” கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றேன். வியாபாரக் குரலில்.

ஜூன் 11, புதன்

கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். எவர்சில்வர் என்று எவன் சரக்கு கொண்டுவந்தாலும் அதை வைத்துப் பார்த்து, ஒட்டாவிட்டால்தான் வாங்குவேன். இன்று பாதிக் கொக்கியில் வைத்தேன். தாவி ஒட்டிக்கொண்டது. வெறும் இரும்பு, மேலே முலாம்.

வாங்கும்போது பார்க்கிறவன் கொடுக்கும்போது ஏன் பார்க்கவில்லை? பார்த்தால் ‘இல்லை’ என்று சொல்லவேண்டி வருமே, அதனால்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஜூன் 14, சனி

அவன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பாதியை மேஜையில் வைத்து, பழுப்பைத் தேய்த்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பல் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு உடைந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

“மேல மினுக்கு. உள்ள சொத்தை” என்றான். பிறகு, “ஒரு வாரமா என் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேன்டா. நீ பக்கத்துலயே இருந்த.”

 எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கிளினிக் திறந்திருக்கிறது. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல காற்று. வீட்டிலேயே கிடந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

கடையில் கூட்டம். வரிசையில் நெட்டையன், நாலு பேருக்குப் பின்னால். முறை வரும்வரை நின்று, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல் கேட்டான்:

“உப்புத் தண்ணிக்குத் தாங்குற கொக்கி இருக்குங்களா?”

“இல்லை” என்றேன்.

பில் போடுகிற பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு கொக்கிகளை எடுத்து வைத்தான். வேறெங்கோ வாங்கியவை. காந்தத்தைக் கொடுடா என்று கையை நீட்டினான். கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மற்றதை என் பக்கம் தள்ளினான்.