ஆறு மணி பஸ்ஸில் போன கூட்டம்

பழைய பெட்டியைத் துடைக்கும்போது அந்தக் கார்பன் நகல் அகப்பட்டது. ஊதா மசி இன்னும் மங்கவில்லை. "சின்னாளப்பட்டியில் மாபெரும் தேர்தல் கூட்டம், மக்கள் உற்சாகம்." சொன்னது நீ, எழுதியது நான். நீ போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. இருந்தும் படித்த உடனே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாம் இருவரும் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குத் திண்டுக்கல் நிருபர்கள். செய்திக் கவரை ஆறு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால்தான் மறுநாள் அச்சில் வரும். கூட்டமோ ஏழு மணிக்கு. அதனால் வேட்பாளரின் ஆள் மத்தியானமே பேச்சைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். கைதட்டலை நாம் சேர்த்துக்கொள்வோம். "அங்க போயி என்னத்தப்பா பாக்கப் போறோம்? எல்லாம் அதே பேச்சுதான்" என்பாய். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று கூட்டம் நடக்கவே இல்லை. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன நெசவாளர்கள் மேடை முன்னால் நின்று, எங்கள் நூல் எங்கே என்று கேட்டார்கள். போலீஸ் அடித்து விரட்டியது. காலையில் நம் செய்தி அப்படியே வந்தது.

மூன்றாம் நாள் முத்தையா என்ற நெசவாளர் நம்மைத் தேடி வந்தார். வலது கையில் கட்டு. தறியில் நாடா இழுக்கிற கை. "புகார் கொடுக்கப் போனேன்யா. கூட்டம் அமைதியா நடந்துச்சுன்னு பேப்பரக் காட்டி வெரட்டிவிட்டாக. நடந்தத ரெண்டு வரி போடுங்க, போதும்" என்றார்.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் போனதும், "மறுப்புப் போட்டா நாம போகலைன்னு தெரிஞ்சிரும்லப்பா. வேட்பாளரு ஜெயிக்கப் போற ஆளு வேற" என்றாய். ஜெயித்தார். அவர் ஜீப்பில் நீ முன் ஸீட்டில் போனாய். உன் இரங்கல் கூட்டத்தில் அவருடைய கட்சிக்காரர்கள் உன்னை அஞ்சாத பேனா என்றார்கள். அஞ்சாத பேனாவாம். காது கொடுத்துக் கேட்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

உன்னைத் திட்டித் திட்டியே என் பங்கை மறைத்துக்கொண்டேன். அன்று போகுமுன் வாசலில் நின்று முத்தையா கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு அங்கதான இருந்தீக?" ஆமென்று தலையை ஆட்டியது நான்தான்.

அவர் கேட்ட இரண்டு வரியை நகலின் பின்பக்கம் இன்று எழுதிவிட்டேன். கூட்டம் நடக்கவில்லை, நூல் கேட்டவர்கள் அடிபட்டார்கள். செய்தி எழுதிய இருவரும் அங்கே இல்லை.

இதை எந்த பஸ்ஸில் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.