குதிகாலில் ஒரு சொட்டு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு என் முத்தங்கள். குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் ஏதோ சத்து குறைகிறது என்று உங்களை மறுபடி வரச் சொன்னார்களாமே. அம்மா அன்றிலிருந்து கலங்கிப் போயிருக்கிறாள். எதுவானாலும் மறைக்காமல் எழுது.

தையல் கம்பெனியில் என்னைப் பொத்தான் பிரிவிலிருந்து காலர் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கூப்பிட்டதும் பழையபடி நெஞ்சு தடதடத்துக் கண் இருட்டிவிட்டது. "சரியான தொட்டாச்சிணுங்கிடி நீ" என்றாள் பக்கத்து மெஷின்காரி. நீ வைத்த பெயர் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. வகுப்பில் எழுந்து நின்றாலே மயங்கி விழுவேனே, அதே வெட்கம்தான். நாலு பேர் முன்னால் சாப்பிடவும் கூச்சம். டிபன் டப்பா திறக்காமலே வீடு திரும்புகிறது.

நான் படிப்பை நிறுத்திய கோபம் உனக்கு இன்னும் ஆறவில்லையோ? இப்போதெல்லாம் இரண்டு வரிதான் எழுதுகிறாய்.

உன் தங்கை

ஜூன் 19

என் தொட்டாச்சிணுங்கிக்கு,

பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. குறை எனக்குத்தான். என் உடம்பில் இல்லாத சத்தை அவள் வயிற்றுக்குள் எங்கிருந்து எடுப்பாள்? பேசத் தெரியாத பிள்ளை, ஒரே சொட்டில் தாயின் நோயைச் சொல்லிவிட்டாள். மாடி ஏறினால் எனக்குப் படபடக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

அந்தச் சத்துக்குக் கார்னிடின் என்று பெயராம். இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. கொழுப்பை அடுப்புக்குள் எடுத்துப் போடும் கை இது. என் உடம்பில் அது தங்குவதில்லை. விறகு வாசலில் குவிந்து கிடக்க, அடுப்பு அணையப் பார்க்கும். இதயம் தாளம் தப்பும். பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

டாக்டரம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு மயக்கம் உண்டா என்று கேட்டார். "தங்கச்சிக்கு வரும். ஆனா அவ வெட்கத்துல விழுவா" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெட்கப்பட்டா தலை குனியும்மா. இப்படி அடிக்கடி ஆள் விழுமா? உடனே காட்டச் சொல்லுங்க."

யார் முன்னாலோ சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டுமே என்று நீ வீட்டிலேயே இருந்துவிடுவாய். எனக்குத் தெரியும். போடி. சாப்பிட்டுவிட்டுப் போ. படிப்பைப் பற்றி இனி நான் வாயே திறக்க மாட்டேன்.

அக்கா

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். வாசல்வரை போய்த் திரும்பியவளை அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். பொத்தானைக் கழற்றியபோது உள்ளே இருந்தது ஒரு நர்ஸம்மா மட்டும்தான். நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். இதயத் துடிப்பைக் கோடாக வரைந்துகொண்டே இயந்திரத்திலிருந்து காகிதம் வந்தது.

என் இதயத்தைப் பார்த்தேன் அக்கா. ஒரே சீராகத் தைத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் தையல் விட்டுவிட்டு, பிறகு பயந்தது போல நெருக்கி நெருக்கித் தைத்திருந்தது. காலரில் அப்படி வந்தால் பிரித்துப் போட்டுவிடுவோம். இதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. விறகே போகாத அடுப்பை வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் எனக்காக இது ஓடியிருக்கிறது. நானோ அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இரத்தப் பரிசோதனையிலும் உன் குறையேதான் வந்தது. மருந்து குடிக்கிறேன். அதனால் உடம்பெல்லாம் மீன் வாடை. "கடல்லயா குடியிருக்க?" என்று பக்கத்து மெஷின்காரி கேட்டாள். எனக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை. ஆனாலும் அவள் எதிரிலேயே உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்தேன்.

நேற்று மேற்பார்வையாளர் மறுபடி எல்லார் முன்னாலும் கூப்பிட்டார். முகம் சுட்டது, தலை குனிந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு மட்டும் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. வெட்கம் நிஜமாகவே என்னுடையதுதான் போலிருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பாப்பாவின் குதிகாலில் ஊசித் தழும்பு இன்னும் தெரிகிறதா? மறைந்திருந்தாலும் பரவாயில்லை, உனக்கு இடம் தெரியும். அங்கே எனக்காக ஒரு முத்தம் கொடு.

உன் தொட்டாச்சிணுங்கி