பரிசு என்று நான் சொன்ன சொல்

அண்ணை,

உங்கள் மகள் அனுப்பிய பெரிய கடித உறை மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது. உள்ளே உங்கள் கட்டுரை வந்த அந்தப் பழைய சஞ்சிகை. ஓரமெல்லாம் மஞ்சளாகி, உங்கள் வீட்டு அலுமாரியின் பூச்சியுருண்டை மணத்தோடு வந்திருக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அதைப் போட வேண்டுமாம். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஜேர்மன் பாஷைதான் என்பதால் டொச்சிலும் மொழிபெயர்த்துத் தர வேண்டுமாம். "உங்களை விட்டால் ஆர் மாமா செய்யிறது?" என்று தொலைபேசியில் கேட்டாள். ஓம் என்றுவிட்டேன். முதல் பக்கம் முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். அதற்கு மேல் போக எனக்கு ஏலாமல் இருக்கிறது.

டோர்ட்மண்டில் நாங்கள் அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்த முதல் குளிர்காலம். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் இலவசமாகப் பழைய ஊமைப் படங்கள் காட்டினார்கள். ஒரு கிழவர் பியானோ வாசிப்பார், தேநீரும் தருவார்கள், மண்டபம் நல்ல சூடாக இருக்கும். பேச்சில்லாத படம், எங்களுக்கென்றே எடுத்தது மாதிரி என்று நீங்கள் சொல்லிச் சிரித்தீர்கள்.

அங்கேதான் அந்த இத்தாலிய நடிகனைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தக் குளிருக்குள் அவனுடைய நாலு படங்கள் பார்த்தோம். முதல் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஈட்டி பிடித்து நிற்கிற மெலிந்த பொடியன். அடுத்ததில் கதாநாயகன். மூன்றாவதில் நடித்தவனும் அவன், இயக்கியவனும் அவன். நாலாவது பேர்ளினில் எடுத்தது. மிச்சக் கதையை நீங்கள் பிறகு நூலகம் நூலகமாக ஏறி இறங்கித் தேடி எடுத்தீர்கள். அவனுடைய நாட்டில் படக் கம்பனிகள் ஒவ்வொன்றாக மூட, பெட்டியோடு ரயிலேறி ஜேர்மனிக்கு வந்திருக்கிறான். இங்கே ரஷ்யப் பிரபுவாக, ஹங்கேரிய அதிகாரியாக, டொச் டொக்டராக எல்லாம் நடித்திருக்கிறான். ஒருவரும் அவனிடம் பாஷை கேட்கவில்லை. பிறகு படங்கள் பேசத் தொடங்கின. அவன் டொச்சில் சொன்ன முதல் வசனத்துக்கே சனம் சிரித்ததாம். திரும்பிப் போனபோது சொந்த ஊரில் அவனை நினைவில் வைத்திருக்க ஆளில்லை. சாகும்வரை வாசல் திறந்துவிடுகிற வேலைக்காரன் மாதிரிச் சின்னச் சின்ன வேஷங்கள்தான்.

"வாய் திறக்கும்வரைக்கும் அவன் எல்லா ஊர்க்காரனும்தான் ஐசே" என்றீர்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நாள் நேரம் குறித்துத் தந்த ரெர்மினுக்குப் போய், கேட்டது ஒன்றும் விளங்காமல் நீங்கள் தலையாட்டிவிட்டு வந்த கிழமை அது.

படத்துக்கு நடுவே வருகிற டொச் எழுத்துகளை உங்களுக்குக் காதுக்குள் தமிழில் சொல்வது என் பொறுப்பு. மூன்று மாத வகுப்பும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட இங்கிலிஷும்தான் என் கையிருப்பு. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வியாதி உங்களுக்குத் தெரியும். மூன்றாவது படத்தின் முடிவில், பல வருடம் கழித்து அவன் வீடு திரும்புகிறான். மனைவி ஒரு கிண்ணத்தை நீட்டுகிறாள். யன்னலுக்கு வெளியே கிழட்டு வேலைக்காரி கண்ணாடியைத் தட்டித் தட்டி ஏதோ கத்துகிறாள். உடனே திரை முழுக்க ஒரேயொரு சொல், நாலே எழுத்து: கிஃப்ட். இதுகூடத் தெரியாதா என்ற மிதப்பில், "பரிசு எண்டு சொல்லுறா" என்றேன். அவன் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறான், குடிக்கிறான், நெஞ்சைப் பிடிக்கிறான், மெல்லச் சரிந்து கண்ணை மூடுகிறான். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர் அன்பாகத் தந்ததை வாங்குகிறபோது மனிதன் இப்படித்தான் தளர்ந்து போவான் என்று விடுதி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

அடுத்த வருடம் எனக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. ஒரு திராவகப் போத்தலில் மண்டையோட்டுப் படம், அதன் கீழே அதே நாலு எழுத்து. மேற்பார்வையாளனிடம் கேட்டேன். அவன் தன் தொண்டையைப் பிடித்து நாக்கை வெளியே தள்ளிக் காட்டினான். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உங்களை நினைத்தேன். அதற்குள் அந்தப் பரிசுக் கதையை விடுதியில் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தீர்கள். அடுத்த கிழமை சொல்வோம் என்று விட்டேன். அந்த அடுத்த கிழமை பத்துப் பன்னிரண்டு வருடம் நீண்டுவிட்டது.

குடும்பம் வந்து சேர்ந்து, மகள் இங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நீங்கள் எழுத உட்கார்ந்தீர்கள். முதலில் அந்த இத்தாலியனைப் பற்றி ஒரு கட்டுரை, பிறகு ஒரு முழுப் புத்தகம் என்பது உங்கள் திட்டம். ஊன்ட்றொப் கோயில் தேரன்று, சன நெரிசலிலிருந்து விலகிக் கால்வாய்க் கரைப் புல்லில் என்னை இருத்தி, கையெழுத்துத் தாள்களை மடியில் வைத்தீர்கள்.

"ஆறுதலா வாசியும். பிழை இருந்தாச் சொல்லும்."

பரிசு பெறுகிறவன் முகம் என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. கட்டுரையின் உயிரே அதுதான். வாசித்து முடித்தேன். "நல்லாயிருக்கண்ணை, ஒண்டும் திருத்தத் தேவையில்லை" என்றேன். நீங்கள் தாள்களை வாங்கி ஒழுங்காக அடுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

சஞ்சிகை வெளிவந்ததும் கூட்டம் வைத்தார்கள். இங்கே படித்த ஒருவர் எழும்பி, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நஞ்சு என்றார். மண்டபம் சிரித்தது. வன்மமான சிரிப்பில்லை, ஆனால் கனநேரம் சிரித்தது. நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். எழும்பியிருக்கலாம். நீங்கள், "என்ர பிழைதான், எனக்கு டொச் காணாது" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டீர்கள். திரும்பி வரும்போது ரயிலில் முழங்கால் வலியைப் பற்றித்தான் கதைத்தீர்கள். அதன் பிறகு நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. புத்தகம் என்ன ஆச்சு என்று ஒருநாளும் கேட்காமலிருக்க நானும் பழகிக்கொண்டேன்.

நேற்று மகளுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளாவது என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏசவில்லை.

"அப்பாக்குத் தெரியும் மாமா. கட்டுரை எழுதேக்கை எங்களுக்கு வாசிச்சுக் காட்டினவர். நான்தான் அது நஞ்செண்டு சொன்னனான். மாத்துங்கோ எண்டும் சொன்னனான். மாமா வாசிக்கட்டும், அவர் சொன்னால் மாத்துவம் எண்டவர்."

அப்படியென்றால் கால்வாய்க் கரையில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் வாயிலிருந்து அந்தச் சொல் வரட்டும் என்றுதான் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள். வரவில்லை. எனக்குக் கோபம் வருகிறது அண்ணை. அன்றைக்கே பிடித்து நாலு ஏச்சு ஏசியிருந்தால் ஒரு பிளேன்ரீ குடிக்கிறதோடு முடிந்திருக்கும். எனக்காகச் சபையில் சிரிப்பு வாங்கச் சொல்லி உங்களை யார் கேட்டது? இந்த வயதில் இதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்? "பிழை இருந்தாச் சொல்லும்" என்ற உங்கள் குரல்தான் இனி என்னோடு வரப்போகிறது. அது போகட்டும் என்றும் எனக்கு விருப்பமில்லை.

இவ்வளவும் எழுதியபின் உட்கார்ந்து மொழிபெயர்ப்பை முடித்துவிட்டேன். பரிசு என்று நீங்கள் விட்டுவைத்ததை டொச்சிலும் பரிசு என்றே விட்டிருக்கிறேன். கீழே இரண்டு மொழியிலும் ஒரு குறிப்பு. நினைவு மலரில் இதெல்லாம் வேணுமோ என்று மகள் கேட்டாள். வேணும் என்றேன்.

"படத்தில் வருகிற சொல்லின் பொருள் நஞ்சு. அதைப் பரிசு என்று இவருக்குச் சொன்னவன் நான். நான் திருத்துவேன் என்று இவர் காத்திருந்தார்."

அதன் கீழே என் முழுப்பெயர்.