பச்சைக்கல் சுவர்

10.08.1997, மல்லாவி

சூளைக்காரர் பழனியாண்டி எங்களை ஏமாற்றுகிறார் என்றே நினைக்கிறேன். ஒரு வீட்டுக்கான செங்கல்லைச் சுட மூன்று ட்ரக்டர் பெட்டி விறகு வேணுமாம்! முல்லைத்தீவில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த எங்களுக்கு நெருப்பைப் பற்றித் தெரியாதா? அவர் குடியிருப்பதோ சுடாத மண்கல் வீட்டில். தான் தொடாத கறியை அடுத்தவனுக்கு விற்கிறவரை எப்படி நம்புவது?

நேரே கேட்டேன். சிரித்தார்.

"நீங்க கேக்கிறீங்க, நான் சுடுறேன் தம்பி. எனக்கு மண்ணே போதுங்க."

அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கவில்லை.

17.08

ஞானமலர் அக்காவுக்குக் கார்த்திகையில் பிள்ளை. இடம்பெயர்ந்து வந்த போன மாரியில் தறப்பாள் கூடாரத்துக்குள் வெள்ளம் புகுந்து பாயைத் தூக்கியது. இந்த மாரிக்கு முன் சுவர் வேண்டும். வன்னிக்குள் சீமெந்து கொண்டுவர அரசாங்கத் தடை.

"மண்சுவர் வேண்டாம். கரைஞ்சு பிள்ளைக்கு மேல விழும்" என்கிறாள்.

02.09

பழனியாண்டியிடம் சுடாத பச்சைக்கல் மட்டும் வாங்கினோம். சுடுவது நானும் கிறிஸ்தோப்பர் அத்தானும். விழுந்து கிடந்த விறகு போதாமல், நின்ற பாலை மரம் இரண்டைத் தறித்தோம். ஆனியில் நாங்கள் பழம் பறித்துத் தின்ற மரங்கள். சிப்பிக்குச் செய்வது போல விறகு ஒரு அடுக்கு, கல் ஒரு அடுக்கு.

வழியால் போன பழனியாண்டி நின்றார். "அடியில நெருப்புக்கு வழி விடாம அடுக்குறீங்களே!"

"உங்கட வழி விறகு தின்னத்தான் அண்ணை" என்றார் அத்தான். நான் பெரிதாகச் சிரித்தேன்.

06.09

சரிந்துவிட்டது. இடையில் வைத்த விறகு சாம்பலாக, மேலடுக்கு இறங்கி எல்லாம் சாய்ந்தது. வெளியே கருகல், உள்ளே பச்சை; சரியாக வெந்த கல் கொஞ்சம்தான். சிப்பி வெந்து பொடிய வேண்டும். கல் வெந்து நிற்க வேண்டும். இது ஏன் தோன்றவில்லை?

"இன்னும் நாலு பாலை தறிச்சா திருப்பிச் சுடலாம்" என்கிறார் அத்தான்.

07.09

கோடரியோடு போனேன். அடிக்கட்டையில் இன்னும் பால் கசிகிறது. ஒரு வீட்டுக்கு மூன்று பெட்டி என்றால், இங்கே தறப்பாளுக்குள் கிடக்கிற அத்தனை பேரும் கல்வீடு கேட்டால்? சீமெந்தும் எங்கோ ஒரு சூளையில் வெந்ததுதானே. அந்தப் புகையை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தறிக்காமல் திரும்பினேன். வெந்த கல் சுவரின் அடிக்கு, பச்சைக்கல் மேலுக்கு என்றேன்.

"உன்ர பிள்ளையெண்டா இப்பிடிச் செய்வியோ யூட்சன்?"

அக்கா கேட்டாள். செய்வேனா?

28.09

சுவர் எழும்பிவிட்டது. கூப்பிடாமலே வந்த பழனியாண்டி, கூரையின் தென்னோலைக் கிடுகைச் சுவருக்கு வெளியே நன்றாகத் தாழ இறக்கிக் கட்டினார். சாரல் படாதாம். இதில் அவருக்கு என்ன லாபம்? யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

16.11

விடாத மழை.

25.11

பெண் பிள்ளை பிறந்து மூன்று நாள். இருவரும் சுகம்.

விடிய எழும்பி, வழக்கம் போலச் சுவரைத் தொட்டுப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னமே அக்கா, பிள்ளையை மடியில் வைத்தபடி சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை எடுத்தாள்.

"காய்ஞ்சுதான் கிடக்கு" என்றாள், சண்டைக்கு வருகிறவள் போல.